பதினோராவது வரிசை

கில்கீல், கவுண்டி டவுன்
12 செப்டம்பர் 1976

என் அருமை நோரா,

மயோர்க்கா வெயிலில் நீ கருத்துப்போய்ச் சௌக்கியமாக இருப்பாய். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு வழக்கமான தலைவலி. அதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, அவர் சீட் தொழிற்சாலையில் கில்மோரிடம் வேலை செய்யவில்லையே.

சீட் தேறிவிட்டதடி! உங்கள் விமானக் கம்பெனி கேட்ட சாய்வு இருக்கை. என் வரைபடம்! முன்னால் இருப்பவன் முதுகைச் சாய்த்தால் பின்னால் இருப்பவனின் தட்டும் கூடவே சாய்ந்து தேநீர் மடியில் கொட்டும் என்று நீ எத்தனை தடவை அழுதிருக்கிறாய்? நான் தட்டின் இரண்டு கைகளையும் முதுகில் மாட்டவில்லை, கீழே சட்டத்தில் மாட்டிவிட்டேன். முதுகு எவ்வளவு சாய்ந்தாலும் தட்டு மட்டமாகவே நிற்கும். மடக்கி வைத்தால் மேலே ஒரே ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கியை நான் இரும்பில்தான் வரைந்திருந்தேன். கில்மோர் பிளாஸ்டிக்காக மாற்றச் சொன்னார். "ஒரு சீட்டுக்கு ஒரு முட்டை எடை குறைச்சாலும் விமானக்காரன் நம்ம கையைப் புடிச்சு முத்தம் கொடுப்பான், தெல்மா" என்றார். மேனேஜர் சொன்னால் என்ன செய்வது, மாற்றினேன்.

சோதனை அன்று அப்பா அடித்த கூத்தைக் கேள். சீட்டை ஒரு தள்ளுவண்டியில் முடுக்கி, மணல் மூட்டைகளைப் பெல்ட் போட்டு உட்கார வைத்து, வண்டியைத் தண்டவாளத்தில் விட்டுச் சுவரில் மோதவிட வேண்டும். படகு துறையை விடுமுன் தளத்தில் ஆடுகிற சாமான் ஒன்று இருந்தாலும் அப்பாவுக்குப் பொறுக்காதே! படகை விற்று எங்கள் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தும் அந்தப் புத்தி போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து ஆடுவது, தொங்குவது எல்லாவற்றையும் வலைக்கயிற்றால் கட்டிப் போட்டிருக்கிறார். வாளி, விளக்கு, கில்மோரின் குடை. "ஹெக்டர், என்னைய மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?" என்று கில்மோர் கேட்க, "நீங்க எங்க சார் அசையறீங்க" என்றாரே பார்க்கலாம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்த நேரம் பார்த்து உங்கள் கம்பெனி ஆள் ஒருவர், "கொக்கி உடைஞ்சா என்ன ஆகும்?" என்றார். கிளம்புகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? கெட்ட பேச்சு பலித்துவிடக் கூடாதே என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒருசேர எட்டிப் பக்கத்திலிருந்த இரும்பைத் தொட்டார்கள். பாவம் அந்த மனிதர், ஒன்றும் புரியாமல் தானும் தொட்டார்.

வண்டி மோதியது. தட்டு அசையவில்லை. சத்தம்கூட வரவில்லை. இந்த ஆர்டரால் குளிர்காலம் முழுக்க ஊருக்கே வேலை இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அக்கா தெல்மா

*

பால்மா, மயோர்க்கா
1 அக்டோபர் 1976

என் கெட்டிக்கார அக்காவுக்கு,

உன் தலைவலிக்கு மருந்து இந்த ஊர் வெயில்தான், ஒரு வாரம் வந்து படு. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இந்த ஊர் ரொட்டிச் சுருள் இடுப்பில் ஏறியிருக்கிறது, யூனிஃபார்ம் தையல் விடுகிறது.

எங்கள் விமானத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டுவிட்டேன். சீட்டை வரைந்தது என் அக்கா, சோதித்தது என் அப்பா! என் அறைத்தோழி பிலாரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, என்னைப் போலவே பணிப்பெண், என் எண்ணெயைத் திருடித் தலையில் தடவுகிறவள். அவள் சொல்கிறாள், "அப்ப சீட் உடைஞ்சா சண்டைக்கு நேரா உங்க வீட்டுக்கே வரணும், அப்படித்தானே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே இரும்பைத் தேடினேன் பார், விமானம் முழுக்கத் தேடினேன். எல்லாம் அலுமினியம், எல்லாம் பிளாஸ்டிக்! தொடுவதற்கு ஒரு துண்டு இரும்பு கிடையாது அக்கா. கடைசியில் பிலாரின் கொண்டை ஊசியைப் பிடுங்கித் தொட்டேன். பைத்தியமா என்று கேட்டாள்.

அப்பா கில்மோரின் குடையைக் கட்டியதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அவருக்கு என் முத்தம்.

நோரா

*

கில்கீல்
5 டிசம்பர் 1976

அன்பு நோரா,

மலையெல்லாம் பனி. எல்லோரும் நலம், குளிர்தான் ஆளைத் தின்கிறது. இது அவசரக் கடிதம். கடைசி லாரி நேற்றுப் போய்விட்டது. சீட்டுகள் புது வருஷத்துக்கு உங்களிடம் வந்து சேரும். லாரி கேட்டைத் தாண்டும்வரை அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், படகு புறப்படும்போது நிற்பதைப் போலவே. அவரைச் சோதனைக்கூடத்துக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். கடனை அடைக்கப் படகை விற்ற பிறகு இந்த மனிதர் நிமிர்ந்து நடந்து இப்போதுதான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் போய் உட்காருகிறார் என்றால் பார்த்துக்கொள்.

கிறிஸ்துமஸ் கேக் அனுப்பியிருக்கிறேன். பிலாருக்கும் கொடு.

தெல்மா

*

பால்மா
6 பிப்ரவரி 1977

அக்கா,

கேக் வந்தது, தீர்ந்தது. பிலார் தட்டையும் நக்கினாள். உடம்பு நன்றாக இருக்கிறது, கால்தான் வீங்குகிறது.

உன் சீட்டில் பறக்கிறோம்! முன்னால் ஒரு தடியன் சடக்கென்று சாய்ந்தான், பின்னால் இருந்த கிழவியின் கோப்பையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை, கோபிக்காதே. தரையிறங்கும்போது கொஞ்சம் வேகமாக இடித்தால் இரண்டு மூன்று தட்டுகள் தாமாகத் திறந்து விழுகின்றன. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரிசை. பதினாலாவது வரிசை ஜன்னலோரத் தட்டு மட்டும் தவறாமல் விழும். மெக்கானிக்கிடம் சொன்னேன், உங்கள் தொழிற்சாலைக்கு எழுதியிருக்கிறார்களாம். பதில் வரும்வரை நான் சும்மா இருப்பேனா? அந்தத் தட்டைப் பரிசுப் பொட்டலத்து ரிப்பனால் கட்டிவிட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு, இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைத் திருப்பி உள்ளே செருகுவாரே, அது. நான் யார் மகள்!

எங்கள் விமானத்தில் பணிப்பெண்கள் நாலு பேர். எங்களுக்கென்று சுவரில் இருக்கிற மடக்கு இருக்கை மூன்றுதான். இறங்கும்போது ஒருத்தி முறை வைத்துப் பதினோராவது வரிசையில் பயணிகளோடு உட்கார வேண்டும். இந்த மாதம் என் முறை. மெத்தென்று இருக்கிறது, உன் புண்ணியம்.

நோரா

*

கில்கீல்
20 மார்ச் 1977

நோரா,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை அதிகம்.

நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன். சோதனை செய்த சீட் அங்கே ஒரு மூலையில் கிடக்கிறது. உறையைக் கழற்றிப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கில்மோரிடம் பேசினேன். இரும்புக் கொக்கியை மறுபடி வரைந்து மேசையில் வைத்தேன். அவர், "தேறின சீட்டுல கை வச்சா மறுபடி முதல்லேருந்து சோதிக்கணும். ஏன்னு கேப்பாங்க. என்னம்மா சொல்லட்டும்? நீயே சொல்லேன், என்ன காரணம்?" என்றார். நிஜமாகவே கேட்டார், நோரா, அதட்டவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா யாருக்கோ கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ எனக்காக ஒன்று செய். இறங்கும்போது பயணிகள் சீட்டில் உட்காராதே. பதினோராவது வரிசை வேண்டாம். பின்பக்கம் சுவரில் இருக்குமே, அந்த மடக்கு இருக்கையில் உட்கார். உன் கால் வீக்கத்துக்கு அதுதான் நல்லது. மறக்காமல் செய், இது என்மேல் ஆணை.

அக்கா

*

பால்மா
2 ஏப்ரல் 1977

அக்கா,

கால் வீக்கத்துக்கு மெத்தை ஆகாது, கட்டைதான் நல்லது என்று எந்த டாக்டர் சொன்னார்? உனக்குத் தலைவலி முற்றிவிட்டது. ஆனாலும் ஆணை என்று எழுதிவிட்டாயே, தட்ட முடியுமா? பிலாரிடம் கேட்டேன். துள்ளிக் குதித்தாள். "இதுக்கு எதுக்குடி கெஞ்சறே? நீ கட்டையில உக்காரு, நான் ராணி மாதிரி மெத்தையில உக்காந்துக்கறேன்" என்றாள். இப்போது என் முறை எல்லாம் அவளுக்கு. உன்னை வாழ்த்தச் சொன்னாள்.

கிடங்கில் என்ன பார்த்தாய்? ஏன் போகாமல் இருந்திருக்கலாம்? இப்படிப் பாதியில் விடாதே, எனக்குத் தூக்கம் வராது.

நோரா

*

கில்கீல்
1 மே 1977

அன்பு நோரா,

இங்கே சௌக்கியம். தோட்டத்தில் உருளைக்கிழங்கு முளை விட்டிருக்கிறது. ஹெர்ரிங் மீன் மலிவு. அப்பா பக்கத்து வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுத்தார்.

நீ கேட்டதற்கு என்ன எழுத? ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "அந்தச் சோதனை அன்னிக்கு சீட்டுல ஏதாவது..." என்றேன். அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு, "போன படகு போயிருச்சு. கடல்ல நிக்கிற படகைப் பத்திக் கரையில உக்காந்து கெட்டது பேசாதே. என் பொண்ணு அதுல இருக்கா" என்றார். எழுந்து போய் அடுப்புக் கம்பியைத் தொட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது, நோரா. அது என் மனதைப் பிடுங்குகிறது.

பிலார் ஏன் உட்காருகிறாள்? நான் உன்னிடம்தானே சொன்னேன். யாரும் அங்கே உட்காராமல் இருக்க வழி உண்டா என்று உங்கள் தலைமைப் பணிப்பெண்ணிடம் கேட்டுப் பார்.

கில்மோர் ஜூலை விடுமுறைக்குப் பிறகு கொக்கியைப் பார்க்கலாம் என்கிறார். ஜூலை ஒன்றும் தூரமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கடலுக்குப் போனவர்களுக்காகப் பயந்தே வளர்ந்த வீடுதானே நம் வீடு, அந்தப் பழக்கம்.

உன் அக்கா

*

கில்கீல்
9 ஜூன் 1977

நோரா, என் கண்ணே,

ரேடியோவில் சொன்னார்கள். உங்கள் கம்பெனி விமானம் ஓடுபாதையில் இடித்து நின்றது, புகை, இருவர் இறந்தார்கள் என்று மட்டும். பெயர் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து தந்தி வந்து நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும்வரை அப்பா துறைமுகத்துச் சுவரிலேயே நின்றார். அவரைக் கூப்பிட எனக்குத் தைரியமில்லை.

ஒரு வரி எழுது. உன் கையால் எழுது. நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?

அக்கா

*

பால்மா
3 ஜூலை 1977

தெல்மா,

எனக்கு ஒன்றுமில்லை. தோளில் ஒரு சிராய்ப்பு. நான் மடக்கு இருக்கையில் இருந்தேன், நீ சொன்ன இடத்தில்.

இடித்தபோது எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தட்டுகளின் விளிம்பு உட்கார்ந்திருந்தவர்களின் வயிற்றில் இறங்கியது. பிறகு முன் சீட்டுகள் வளைந்து தட்டுகளை அழுத்திக்கொண்டன, ஆட்களால் எழுந்திருக்க முடியவில்லை. புகையில் நான் ஒவ்வொன்றாகத் தூக்கி உடைத்தேன். பதினோராவது வரிசைக்கு வந்தபோது பிலார் பேசினாள். "முதல்ல இந்தப் பாட்டியை எடு, நான் மெத்தையில சுகமா இருக்கேன்" என்றாள். பாட்டியை எடுத்தேன். பிலாரையும் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் வைத்து அடுத்த செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். உள்ளே ஈரல் கிழிந்திருந்ததாம். ரேடியோவில் சொன்ன இருவரில் அவள் சேர்த்தியில்லை, அவள் மூன்றாவது.

விசாரணைக்காரர்கள் வந்தார்கள். விமானம் முழுக்க ஒரே ஒரு தட்டுதான் விழவில்லை. பதினாலாவது வரிசை, ஜன்னலோரம். அங்கே இருந்த சின்னப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரிப்பனைக் காட்டி, இது யார் கட்டியது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சோதனையில எப்படித்தான் தேறுச்சோ, கட்டாம ஒண்ணுகூட நிக்கலையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் முதல் கடிதத்தை எடுத்தேன். வாளி, விளக்கு, குடை. எவ்வளவு சிரித்தேன் அதைப் படித்து! கிடங்கில் நீ பார்த்தது அப்பாவின் கயிறு. பின்பக்கம் உறைக்குள் தட்டைக் கட்டியிருக்கிறார், அப்படித்தானே? ஆடுகிறதே என்று கட்டியிருப்பார். அவிழ்க்க மறந்திருப்பார். அவரை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் உனக்கு மார்ச்சிலேயே தெரியும். தெரிந்து நீ என்ன செய்தாய்? என் கால் வீக்கத்தைப் பற்றி எழுதினாய். என்னிடம் காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேனே! கத்தியிருப்பேன், விமானத்தில் ஏறமாட்டேன் என்றிருப்பேன். விமானம் நிறைய ஆட்கள், நீ என்னை மட்டும் அங்கிருந்து எழுப்பினாய். எழுப்பிய இடத்தில் பிலார் உட்கார்ந்தாள். அவள் உன் கேக்கைச் சாப்பிட்டவள்.

விசாரணைக்காரர்கள் இம்மாதக் கடைசியில் மறுபடி வருவார்கள். உன் கடிதங்கள் என் பெட்டியில் இருக்கின்றன. நான் பொய் சொல்லமாட்டேன். அதற்குள் நீயே அப்பாவிடம் சொல். அவர் என் மூலமாகவோ பேப்பரிலோ தெரிந்துகொள்ளக் கூடாது.

நோரா

*

கில்கீல்
12 ஜூலை 1977

நோரா,

கடிதங்களை அவர்களிடம் கொடு. ஒன்றையும் ஒளிக்காதே. நீ எழுதியது அத்தனையும் உண்மை. எனக்கு என் அப்பாவும் தங்கையும் போதும் என்று இருந்துவிட்டேன். மற்றவர்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிலாரின் அம்மாவுக்கு எழுத உட்காருகிறேன், இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.

இன்று ஜூலை பன்னிரண்டு, ஆரஞ்சு சங்கத்தின் வருஷாந்தர ஊர்வலம். காலையிலிருந்து தெருவில் மேளம். அப்பா ஊர்வலத்துக்குப் போக ஆரஞ்சுப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அப்போது சொன்னேன். அந்தக் கயிற்றை மார்ச்சிலிருந்து என் தையல் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

முடிச்சைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னோடதுதான்" என்றார்.

"ஆமாப்பா."

"இதைக் கட்டினது எனக்கு ஞாபகமே இல்ல தெல்மா. ஆயுசுல நான் கட்டாம விட்டது ஏதாவது இருந்தாத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே கூட்டாளிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஹெக்டர், பட்டையைக் கட்டிக்க இவ்வளவு நேரமா?" என்று ஒருவர் ஜன்னலில் தட்டினார். அப்பா திரும்பவில்லை. ஊர்வலம் நம் வாசலைக் கடந்து போய்விட்டது. நான் உன் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன், என்னைப் பற்றி எழுதியதையும் விடாமல்.

கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பதினாலாவது வரிசையில நோரா கட்டினது அவுறலையா?"

"அவுறலைப்பா."

"அந்தப் புள்ள?"

"ஒண்ணும் ஆகலை."

அம்மா செத்தபோதும் படகு போனபோதும் அழாத மனிதர், நோரா. வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் பட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுச் சபைக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். கில்மோர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கதவைத் திறந்ததும் கில்மோர், "ஹெக்டர், விடுமுறையில என்ன?" என்றார். அப்பா கயிற்றை நீட்டி, "உங்க குடையோட சேத்து சீட்டுத் தட்டையும் இதால கட்டிட்டேன் சார்" என்றார். வெள்ளிக்கிழமைக் கப்பலில் நாங்கள் இருவரும் லண்டன் விசாரணை அலுவலகத்துக்குப் போகிறோம். கயிறு அப்பாவிடம் இருக்கிறது, என் கொக்கி வரைபடங்கள் இரண்டும் என்னிடம். தொழிற்சாலை மூடிவிடும் என்று ஊர் எங்களை ஏசும். ஏசட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிப்பதுதான் வழக்கம். அப்படி எழுதித்தான் பிலாரை அங்கே உட்கார வைத்தேன். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

தெல்மா